ஆரல்வாய்மொழி ஓடையில் மூன்று சைக்கிள் செயின்

முதல் நாள், சனிக்கிழமை

நேற்று ராத்திரி தோவாளையில் அக்கா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நாற்பது கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்தோம், நானும் அக்கா மகனும். சின்னது எலுமிச்சம்பழ அளவு, பெரியது உரித்த தேங்காய் அளவு. காய்ந்ததும் ஒவ்வொன்றிலும் கறுப்பு மையில் எண் போட்டோம். காப்பி கொண்டுவந்து வைத்த அக்கா, “கல்லுக்குப் பேரு வைக்கியளா?” என்று கேட்டாள். ஏறக்குறைய அதேதான். மழை வந்தால் எந்தக் கல் எங்கே போகிறது என்று தெரிய அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

நான் 2005-இல் ஓமானுக்குப் போனவன். சாலை, பாலம் வேலை. அங்கே எப்போதும் காய்ந்தே கிடக்கும் ஆற்றுத் தடங்களை ‘வாதி’ என்பார்கள். அவற்றில் ஒரே ஒரு மழைக்கு எவ்வளவு மணலும் கல்லும் இறங்கி வரும் என்பதை நேரில் பார்த்த பிறகு, ஊரில் நான் சின்ன வயதில் பந்து விளையாடிய ஓடையே வேறு மாதிரித் தெரியத் தொடங்கியது. இந்த விடுப்பில் ஆறு நாள் குமரி மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி, மலையிலிருந்து மணல் எப்படி இறங்குகிறது என்று பார்க்கப்போகிறேன். அன்றன்றைக்குப் பார்த்ததை அன்று ராத்திரியே எழுதிப் போடுகிறேன்.

முதலில் ஆரல்வாய்மொழி. குமரி மாவட்டம் என்றதும் எல்லோருக்கும் பச்சைதான் நினைவுக்கு வரும். இந்தக் கிழக்கு வாசல் அப்படி இல்லை. மலை இங்கே கணவாயாகத் திறந்து, உடைமரமும் கள்ளியும் பனையும் காற்றாலையுமாகக் கிடக்கிறது. ஆடிக் காற்று அடங்கிவிட்டதால் காற்றாலைகள் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தன. இது பாலைவனம் இல்லை, அதைச் சொல்லிவிட வேண்டும். பாலைவனத்தைவிட நல்ல மழை உண்டு. ஆனால் மலையடிவாரத்தில் இருந்து இறங்கும் சிற்றோடைகள் வருஷத்தில் முக்கால்வாசி நாள் காய்ந்து கிடக்கின்றன, அடியில் இறுக்கம் இல்லாத மணல், கரையில் புல் கொஞ்சம்தான். பாலை ஓடையின் பழக்கவழக்கம் பாதிக்கு மேல் இவற்றிடம் இருக்கிறது.

நாங்கள் தேர்ந்த ஓடைக்குப் பெயர் கிடையாது. ஊர்க்காரர்கள் வெறுமனே ஓடை என்கிறார்கள். பதினான்கு அடி அகலம், இடுப்பளவுக் கரை. டியூப் மட்டம் பிடித்துப் பார்த்தேன், ஐம்பது அடிக்கு ஓர் அடி இறக்கம். மணலில் ஆங்காங்கே, பெரிய கற்களுக்குப் பின்னால் மட்டும், மை இழுத்தது போலக் கறுப்புக் கோடுகள். இது என்ன என்று மருமகன் கேட்டான். மூன்றாம் நாள் சொல்கிறேன் என்றேன்.

பிறகு செயின். வடசேரியில் ஒரு சைக்கிள் கடையில் மூன்று பழைய செயின்கள் வாங்கி, ஒவ்வொன்றையும் கழற்றி நீளமாக்கிக்கொண்டோம். லேத் பட்டறையில் மூன்று கூர்முனைத் துண்டுகள் கடைந்து வாங்கினோம். இரும்புக் குழாயின் வாயில் கூர்முனையைப் பொருத்தி, செயினின் அடிநுனியை அதில் கட்டி, குழாய்க்குள் செயினை விட்டு, சம்மட்டியால் மூன்றடி ஆழத்துக்கு அடித்து இறக்க வேண்டும். பிறகு குழாயை உருவினால் கூர்முனை மண்ணுக்குள் தங்கிவிடும், செயின் நெட்டுக்குத்தாக நிற்கும். மேலே மிஞ்சிய பாகம் மணல்மேல் கிடக்கும். ஓடையின் நடுவில் ஒன்று, இரு பக்கமும் ஒவ்வொன்று. கரைக்குக் கரை முளை அடித்துக் கயிறு கட்டி, கயிற்றிலிருந்து மணலின் ஆழத்தையும் குறித்துக்கொண்டோம்.

இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில், சாந்தா ஃபே ஊர்ப் பக்கம் இருக்கும் ‘அரோயோ தெ லோஸ் ஃப்ரிஹோலெஸ்’ என்னும் காய்ந்த ஓடையில் லூனா லியோபோல்ட், வில்லியம் எம்மெட், ராபர்ட் மைரிக் மூவரும் செய்த வேலை. அந்தப் பெயரை நம் பேச்சில் பயற்றோடை என்று சொல்லலாம். சங்கிலி புதைத்தார்கள், கல்லுக்குப் பெயின்ட் அடித்து அடுக்கினார்கள், ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் போய்த் தேடினார்கள். 1966-இல் அறிக்கை வந்தது. வெள்ளம் ஓடும்போது அடியில் என்ன நடக்கிறது என்று யாராலும் இறங்கிப் பார்க்க முடியாது. சங்கிலியால் முடியும். மணல் அரிபட அரிபடச் செயினின் மேல்பாகம் துணை இழந்து, ஓட்டத்தோடு சாய்ந்து படுத்துவிடும். வெள்ளம் வடியும்போது மணல் திரும்ப வந்து அதை மூடும். பிறகு தோண்டி, செயின் எந்த ஆழத்தில் மடங்கியிருக்கிறது என்று பார்த்தால் அதுவரை அரித்தது என்று அர்த்தம். சைக்கிள் செயினில் இன்னொரு வசதியும் இருக்கிறது. ஒரு கண்ணிக்கும் அடுத்த கண்ணிக்கும் சரியாக அரை அங்குலம். ஸ்கேல் வேண்டாம், எண்ணினாலே போதும்.

கற்களை இரண்டு விதமாக வைத்தோம். இருபது கல் தனித்தனியாக, மூன்றடிக்கு ஒன்று. இருபது கல் நெருக்கமாக, ஒன்றை ஒன்று தொட்டபடி.

அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் கடைசி வரை நின்று பார்த்தார். “தண்ணி வாறதுக்கு முன்னாடி சத்தம் வரும் அண்ணாச்சி. கல்லு கல்லு மேல முட்டுத சத்தம். அது கேட்டா நான் ஆட்ட ஏத்திருவேன்” என்றார். நான் படித்ததையெல்லாம் விட இது தெளிவாக இருந்தது.

எங்கள் இடத்துக்குக் கீழே இருநூறு அடியில் ஒரு புதுப் பாதை ஓடையைக் கடக்கிறது. மனைப்பிரிவுக்குப் போகும் பாதை. மூன்றடி சிமென்ட் குழாய் இரண்டைப் படுக்கவைத்து மேலே மண் நிரப்பியிருக்கிறார்கள். பதினான்கு அடி ஓடை அங்கே இரண்டு குழாய்க்குள் நுழைய வேண்டும். அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன்.

இரண்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை

அம்மாண்டிவிளை வழியாக முட்டம். கலங்கரை விளக்கத்தையும் பாறைகளையும் பார்க்க வருகிறவர்கள், அந்தப் பக்கம் இருக்கும் செம்மணல் மேடுகளை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. காற்று கொண்டுவந்து குவித்த பழைய மணல், ஒவ்வொரு மணியின் மேலும் இரும்புத் துரு பூசிச் சிவந்திருக்கிறது. தேரி என்று திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சொல்வது இதைத்தான். மழை இந்த மேட்டைக் கீறிக் கீறி நூற்றுக்கணக்கான சிறு பள்ளங்களாக ஆக்கியிருக்கிறது. சாண் அகலத்தில் தொடங்கி ஆள் மறையும் ஆழம் வரை. ஒரு பாலைநிலத்தின் ஆறுகள் எல்லாம் காலடி அளவில் இங்கே இருக்கின்றன.

மழைக்காகத்தான் காத்திருந்தோம். ஐப்பசி மழை நம்மை ஏமாற்றவில்லை, மத்தியானம் இரண்டே முக்காலுக்கு இடியோடு இறங்கியது. அதற்கு முன்பே ஒரு சிறு பள்ளத்தில் ஐந்து ஈர்க்குச்சிகளைக் குத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு கண்ணாடிப் பாசிமணியைக் கோத்து மணல்மேல் உட்காரவைத்திருந்தேன். மணல் அரிபட்டால் மணி கீழே இறங்கும். திரும்ப மணல் மூடினாலும் மணி மேலே வராது.

குடையைப் பிடித்துக்கொண்டு குந்தி உட்கார்ந்து பார்த்தது இருபது நிமிஷம். இவ்வளவு நிம்மதியாக நான் மழையைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

முதலில் ஓட்டமே இல்லை. துளி விழுந்த இடத்தில் மண் தெறித்து மேல்தோல் இறுகியது. அப்புறம் பள்ளத்தின் தலைப்பில் இருந்து ஒரு நாக்கு இறங்கி வந்தது. முன்னால் நுரையும் சருகும், பின்னால் சிவப்புத் தண்ணீர். ஒரு முழம் வந்ததும் நின்றுவிட்டது. காய்ந்த மணல் அதைக் குடித்துவிட்டது. கொண்டுவந்த மண்ணை அங்கேயே ஒரு சின்ன மேடாக வைத்துவிட்டுத் தண்ணீர் மட்டும் உள்ளே போனது. அடுத்த நாக்கு அந்த மேட்டின் மேல் ஏறி, இன்னும் இரண்டு முழம் போனது.

பெரிய பாலை ஓடையிலும் இதுதான் கதை. அரிசோனாவில் டூம்ஸ்டோன் ஊர்ப் பக்கம் வால்நட் கல்ச் என்ற ஆராய்ச்சி நீர்ப்பிடிப்பு இருக்கிறது, ஏறக்குறைய 150 சதுர கிலோமீட்டர். 1950-களில் இருந்து அங்கே மழையையும் ஓட்டத்தையும் அளக்கிறார்கள். நம் ஆறுகளில் கீழே போகப் போக வெள்ளம் பெருகும். அங்கே கீழே போகப் போக வெள்ளம் சிறுக்கிறது, படுகை உறிஞ்சிக்கொள்வதால். தண்ணீர் குறைந்தால் தூக்கிய மண்ணைச் சுமக்க ஆள் இல்லை. ஆகவே மணல் மலையிலிருந்து கடலுக்கு ஒரே பயணமாகப் போவதில்லை. ஒரு மழைக்குக் கொஞ்ச தூரம், அப்புறம் வருஷக்கணக்கில் கிடப்பு, அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம்.

மழை வலுத்ததும் பள்ளம் முழுக்க ஓடத் தொடங்கியது. விரல் ஆழம்தான். ஆனால் அடி மணல் முழுவதுமே, யாரோ பாயை இழுப்பது போல, ஒரே விரிப்பாக நகர்ந்தது. நடுவில் வரிசையாக ஆறேழு சிற்றலைகள் எழுந்தன. அவை தண்ணீரோடு கீழே போகவில்லை. நின்ற இடத்திலேயே உயர்ந்து, மெல்ல மேல்பக்கமாக ஏறி, சட்டென்று உடைந்தன. ஒரு நொடி மட்டமாக ஓடும், திரும்ப அலை எழும்பும். மருமகன் எதுவும் பேசாமல் போனில் எடுத்துக்கொண்டே இருந்தான். தண்ணீர் ஆழம் குறைவாகவும் வேகம் மிக அதிகமாகவும் இருக்கும்போது அடியில் மணலே அலை வடிவமாகி, ஓட்டத்துக்கு எதிராக நகரும். மேட்டின் கீழ்ச்சரிவில் மணல் அரிபட்டுப் போகிறது, கீழிருந்து வரும் அடுத்த மேட்டின் மேல்சரிவில் படிகிறது. மணல் கீழே போய்க்கொண்டே இருக்க, மேடு மட்டும் மேலே ஏறுகிறது. ஓமானில் ஒரு வாதியில் இதே அலையை ஆள் உயரத்தில் பார்த்திருக்கிறேன்.

மழை நின்று பதினைந்து நிமிஷத்தில் பள்ளம் காய்ந்தது போலவே ஆகிவிட்டது. மணல் மட்டம் பழையபடி. பார்த்தால் ஒன்றுமே நடக்காத மாதிரி. ஈர்க்குச்சியை ஒட்டி விரலால் கிளறினோம். நடுக்குச்சியின் பாசிமணி இரண்டு விரற்கடை ஆழத்தில் இருந்தது.

வரும் வழியில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். இருவரும் நனைந்திருந்தோம், பசி அப்படி.

மூன்றாம் நாள், திங்கட்கிழமை

உடம்பு கொஞ்சம் சூடாக இருந்ததால் மெதுவாகத்தான் கிளம்பினோம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை. மருமகனின் கறுப்புக் கோட்டுக்கு இங்கே விடை.

மலையின் பாறை சிதைந்து வரும் மணலில் பெரும்பங்கு குவார்ட்ஸ். தண்ணீரைப்போல ஏறக்குறைய 2.65 மடங்கு கனம். அதோடு கொஞ்சம் இல்மனைட், கார்னெட், சிர்க்கான், மோனசைட் என்ற கனிமங்கள். இவை நாலு மடங்கில் இருந்து ஐந்து மடங்கு வரை. ஓட்டம் தளரும் இடத்தில் கனமானது முதலில் தங்கும், லேசானது தாண்டிப் போகும். சொளகில் அரிசி புடைப்பது மாதிரி. ஓடையில் கல்லுக்குப் பின்னால் கறுப்புக் கோடாகத் தெரிவது அந்த இல்மனைட். ஆறுகள் கொண்டுவந்து போட்டதைக் கடல் அலை வருஷம் முழுக்கப் புடைத்துப் புடைத்து, இந்தக் கரையில் கறுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாக ஒதுக்கிவைத்திருக்கிறது. 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்துத்தான் இங்கே மோனசைட் இருப்பதைக் கண்டுகொண்டார்.

கன்னியாகுமரியில் ஏழு வகை மணலைப் பொட்டலம் கட்டி விற்பார்கள். அம்மனின் கல்யாணம் நின்றுபோக, சமைக்காமல் கிடந்த அரிசியும் பருப்பும் மணலாகிவிட்டன என்று பாட்டி சொன்ன கதை. அந்தப் பொட்டலத்தின் சிவப்புப் பருப்பு கார்னெட். இரண்டையும் மருமகனுக்குச் சொன்னேன். இரண்டும் அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை

மத்தியானமே மலை முகடு தெரியவில்லை. மூன்று மணிக்கு ஆரல்வாய்மொழி போய்விட்டோம். ஊரில் தூறல்கூட இல்லை, மேலே மட்டும் கறுத்து இடித்துக்கொண்டிருந்தது. கரைக்கு மேலே, ஓடையை விட்டு நன்றாக ஒதுங்கி நின்றோம். ஆட்டுக்காரப் பெரியவரும் எங்களோடு.

மூன்று ஐம்பதுக்கு அவர் கையைத் தூக்கி, “கேக்கா?” என்றார். எனக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிஷம் கழித்துக் கேட்டது. தூரத்தில் லாரியில் ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம், ஆனால் நிற்காத சத்தம்.

தண்ணீரின் முகப்பு சருகும் சுள்ளியும் நுரையுமாக, கணுக்கால் உயரத்தில், ஆள் நடக்கும் வேகத்தில் வந்தது. அதற்குப் பின்னால் வந்ததுதான் வெள்ளம். பத்து நிமிஷத்துக்குள் முழங்காலைத் தாண்டிவிட்டது. பால் அதிகம் ஊற்றிய காப்பியின் நிறம். கயிற்றின் கீழ் அரை மீட்டர் ஆழம் ஓடியது. ஐம்பதுக்கு ஒன்று இறக்கத்தில் அரை மீட்டர் தண்ணீர் படுகையை இழுக்கும் இழுப்புக்கு, உரித்த தேங்காய் அளவுக் கல்லே அசைந்து கொடுத்துவிடும். பாடத்தில் அது ஒரு வரிச் சூத்திரம், ஆழம் பெருக்கல் சரிவு. கரையில் உள்ளங்கையை வைத்தபோது அந்தச் சூத்திரம் கையில் அதிர்ந்தது. தண்ணீரின் இரைச்சலுக்கு அடியில் டொக் டொக் என்று கல் மோதும் சத்தம். மஞ்சள் கற்கள் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

உச்சம் அரை மணி நேரம்தான்.

அதற்குள் கீழே குழாய்ப் பாதையில் வேறொன்று நடந்துகொண்டிருந்தது. குழாய் வாயில் குப்பை அடைக்கும் என்றுதான் மருமகன் எதிர்பார்த்தான். குப்பை கொஞ்சம்தான். அடைத்தது மணலும் கல்லும். இரண்டு குழாயால் ஓட்டத்தை வாங்க முடியாமல் தண்ணீர் பின்னால் தேங்கியது. தேங்கியதும் வேகம் செத்தது. வேகம் செத்ததும் அத்தனை நேரம் உருட்டிக்கொண்டு வந்ததை அப்படியே அங்கே போட்டது. போட்டது குழாய் வாயை மூட, இன்னும் தேங்கியது. கடைசியில் தண்ணீர் பாதையின் மேல் ஏறி, ஓரத்தை அறுத்துக்கொண்டு, பக்கத்துத் தென்னந்தோப்புக்குள் புகுந்தது.

இதை நான் முன்பு ஒருமுறை பார்த்திருக்கிறேன். 2007 ஜூனில் கோனு புயல் ஓமானைத் தாக்கியது. அதற்கு முந்தைய வருஷம் ஒரு வாதியின் குறுக்கே மூன்று கண் வைத்த ஒரு கலுங்கு கட்டியிருந்தோம். நம் ஊரில் சின்னப் பாலத்தைக் கலுங்கு என்போம், எனக்கு அந்தச் சொல்தான் வாயில் வரும். அதன் கணக்குப் போட்டவர்களில் நானும் ஒருவன். மழை அளவு, நீர்ப்பிடிப்பு, ஓட்டம், எல்லாம் இரண்டு தடவை சரிபார்த்தது. புயல் கழிந்து நாலாம் நாள் போய்ப் பார்த்தபோது மூன்று கண்ணும் மேல் தளம் வரை சரளையால் இறுகிக் கிடந்தது. தண்ணீர் சாலையின் மேல் ஏறி, மறுபக்கம் சாலையையே அடியோடு எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த வழியாக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய ஒரு கிராமம் பதினோரு நாள் துண்டித்துக் கிடந்தது. என் கணக்கில் தண்ணீர் இருந்தது, கல் இல்லை. அதற்குப் பிறகு எந்த ஓடையைக் கடக்கும் வேலை வந்தாலும், இது ஒரு வெள்ளத்துக்கு எவ்வளவு மணல் கொண்டுவரும் என்றுதான் முதலில் கேட்கிறேன். முடிந்த இடத்தில் கண்ணே வைக்காமல், சாலையையே ஓடையின் மட்டத்துக்குத் தாழ்த்திக் கான்கிரீட் போட்டுவிடச் சொல்கிறேன். வெள்ளம் ஓடும் சில மணி நேரம் வண்டிகள் நிற்கட்டும். மணலும் தண்ணீரும் தடையில்லாமல் மேலேயே போய்விடும்.

இருட்டும்போது ஓட்டம் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. பெரியவர் தோப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். தோப்பு அவர் தங்கை வீட்டுக்காரருடையது.

ஐந்தாம் நாள், புதன்கிழமை

ஓடை மணல் வடியட்டும் என்று இன்று மேற்கே போனோம். குலசேகரம், திற்பரப்பு. இரண்டு மணி நேரத்தில் வேறொரு உலகம். ரப்பர் தோட்டம், தோடு என்று இங்கே சொல்லும் சிற்றோடைகளில் நிற்காத ஓட்டம், பாறையில் பாசி. சாயாக் கடையில் அண்ணன் ஒருவர், “குடிக்க வெள்ளம் தரட்டா?” என்றார். விளவங்கோடு, கல்குளம் பக்கம் வெள்ளம் என்றால் தண்ணீர். தோவாளையில் வெள்ளம் என்றால் ஓடிப்போக வேண்டும். ஒரே மாவட்டத்தின் இரண்டு மழையும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கோதையாற்றின் ஓரத்தில், தண்ணீர் ஒதுங்கிய ஓர் இடத்தில், கூழாங்கல் பரப்பு ஒன்றைப் பார்த்தோம். கையளவுக் கற்கள் ஓடு வேய்ந்தது போல ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து இறுகியிருந்தன. நாலைந்தைப் பெயர்த்து எடுத்தால் அடியில் மணல். எப்போதும் ஓடும் ஆறு, வெள்ளம் இல்லாத நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பொடி மணலை எடுத்துப் போய்விடும். எடுக்க முடியாத கற்கள் மேலே மிஞ்சி ஒரு கவசமாகிவிடும். அந்தக் கவசம் உடைகிற அளவுக்குப் பெரிய வெள்ளம் வந்தால்தான் அடி மணல் நகரும்.

பாலை ஓடையில் அந்தக் கவசம் உருவாக நேரமே கிடைப்பதில்லை. வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்துவிடுகிறது, மெல்லிய ஓட்டம் நாள்கணக்கில் நின்று சலித்தெடுப்பது கிடையாது. செடிகொடி இல்லாத சரிவுகள் பொடி மணலை வேண்டிய அளவு அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. ஆகவே தண்ணீர் கொஞ்சம் ஏறியதுமே படுகை முழுவதும் கிளம்பிவிடுகிறது. இஸ்ரேலின் நெகேவ் பாலையில் நஹல் யாத்திர் என்ற ஓடையில் ஜொனதன் லரோனும் இயன் ரீடும் இதை அளந்தார்கள். படுகைக்குள் பெட்டி புதைத்து, அதன் மூடியில் ஒரு நீளப் பிளவு விட்டு, உருண்டு வந்து விழும் மணலும் கல்லும் நிமிஷத்துக்கு நிமிஷம் எவ்வளவு கனம் ஏறுகிறது என்று அடியில் இருந்து எடை போட்டார்கள். 1993-இல் வெளியிட்ட முடிவு இது: ஈரமான நாடுகளின் ஆறுகளோடு ஒப்பிட்டால், இந்த ஓடைகள் பருமணலையும் கல்லையும் கடத்தும் திறனில் 400 மடங்கு வரை மிஞ்சி நிற்கின்றன.

அந்த எண்ணை முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்று நினைத்துத் திரும்பவும் படித்தேன். நேற்று கரையில் கையை வைத்திருந்த மருமகன் மறுபேச்சில்லாமல் நம்பினான்.

பேச்சிப்பாறை அணைக்கும் ஒரு நடை போய்வந்தோம். 1906-இல் முடித்த அணை. மேலிருந்து வரும் மணல் அணைக்குள் தங்கிவிடும், கீழே தெளிந்த தண்ணீர்தான் இறங்கும். கடல் ஆற்றிடம் மணலுக்காகக் காத்திருக்கிறது என்பதையும் நாம் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைத் தனியாக எழுத ஆசை, இந்தத் தடவை முடியாது.

ஆறாம் நாள், வியாழக்கிழமை

ஓடையில் மணல் ஈரமாக, மட்டமாக, அழகாகக் கிடந்தது. கயிற்றை அதே முளைகளில் கட்டி அளந்தோம். நடுவில் பழைய மட்டத்தைவிட ஓர் அங்குலம் இறங்கியிருந்தது, அவ்வளவுதான். கயிற்றை மட்டும் நம்பியிருந்தால், ஓர் அங்குல மணல்தான் போயிருக்கிறது என்று எழுதியிருப்பேன்.

மருமகன் கையாலேயே தோண்டினான். மண்வெட்டி செயினை இழுத்துவிடும். ஆறு அங்குலம் புது மணல், அதற்கடியில் செயின் ஓட்டத்தின் திசையில் நீட்டிப் படுத்திருந்தது. படுத்த இடத்தில் ஒரு சின்ன மடிப்பு, அதற்குக் கீழே நெட்டுக்குத்தாக. ஒவ்வொரு கண்ணியாக விரலால் துடைத்து எண்ணினான். பதினான்கு கண்ணி. ஏழு அங்குலம். அரை மணி நேர உச்ச வெள்ளத்தில், நடு ஓடையின் படுகை ஏழு அங்குல ஆழத்துக்கு எழுந்து நடந்திருக்கிறது. மேலிருந்து வந்த வேறு மணல், வடியும்போது அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. இடப்பக்கச் செயினில் அரிப்பே இல்லை, மூன்று அங்குலம் படிவு மட்டும். வலப்பக்கச் செயினைக் காணவில்லை.

கற்களைத் தேட மத்தியானம் ஆயிற்று. தனித்தனியாக வைத்த இருபதில் பதினொன்றுதான் கிடைத்தது, மிகத் தூரமானது எண்பத்தாறு தப்படி தள்ளி. நெருக்கி வைத்த இருபதில் பதினேழு கிடைத்தது, பெரும்பாலானவை நாலைந்து தப்படிக்குள். லியோபோல்ட் பயற்றோடையில் கண்டதும் இதுதான். கூட்டமாக இருக்கும் கற்கள் ஒன்றுக்கொன்று மறைப்பாகி லேசில் கிளம்புவதில்லை, தனியாக மாட்டியதை வெள்ளம் தூக்கிக்கொண்டு போகிறது. போகிற கல்லும் அடுத்த கூட்டத்தில் போய்ச் சேர்ந்ததும் நின்றுவிடுகிறது. எலுமிச்சம்பழ அளவுக் கல்லும் தேங்காய் அளவுக் கல்லும் கிட்டத்தட்ட ஒரே தூரம் போயிருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

பிறகு குழாய்ப் பாதைக்குப் போனோம். மேல்பக்கம் எழுபது அடி நீளத்துக்கு ஓடை நிரம்பியிருந்தது. குழாய் வாயருகே படிவின் ஆழம் இரண்டே கால் அடி. அதைத் தோண்டியதில் காணாமல் போன கற்களில் இரண்டு, 9-ஆம் எண்ணும் 31-ஆம் எண்ணும், கிடைத்தன. பாதைக்குக் கீழ்ப்பக்கம் நேர்மாறு. மணல் வராத தண்ணீர் படுகையைக் குடைந்து, கரையில் நின்ற ஒரு பனையின் வேர் வெளியே தொங்குகிறது. அடுத்த மழைக்கு ஓடை மேலே இன்னும் உயரமாக நிற்கும். அப்போது தண்ணீருக்குத் தோப்பின் வழிதான் சுலபம். தோப்புக்கு அப்பால் ஏழெட்டு வீடுகள் இருக்கின்றன.

பெரியவரும் அவர் தங்கை வீட்டுக்காரரும் வந்தார்கள். குழாய் போட்டவர்களோடு சண்டை போட்டுப் பயனில்லை, அளந்ததைக் காட்டிக் கேட்போம் என்றேன். கரையில் உட்கார்ந்தே படம் வரைந்தோம். ஓடையின் குறுக்குவெட்டு, பதினான்கு அடி. இரண்டு குழாய். தண்ணீர் நின்ற உயரம் நீலத்தில், மணல் நின்ற உயரம் சிவப்பில், செயின் மடங்கிய ஆழம் பென்சிலில். குழாயை எடுத்துவிட்டு, பாதையை ஓடையின் மட்டத்துக்குத் தாழ்த்தி அகலமாகக் கான்கிரீட் போட வேண்டும் என்று கீழே எழுதினேன். கரையோடு கரையாக, பதினான்கு அடிக்கும். பெரியவர், “மணலுக்கும் வழி வேணும்னு சேத்து எழுதுங்க அண்ணாச்சி” என்றார். எழுதினேன். முதல் கையெழுத்து அவருடையது.

நடுச் செயினைத் திரும்ப நெட்டுக்குத்தாக நிறுத்தி, மணலைத் தள்ளி, தண்ணீர் தெளித்து இறுக்கினோம். கிடைத்த முப்பது கல்லையும் மருமகன் பழைய இடங்களிலேயே வைத்தான். இனி அவன் பொறுப்பு. கார்த்திகை மழை ஓய்ந்ததும் தோண்டி, எத்தனை கண்ணி என்று எனக்கு எழுதுவான்.